புது பம்ப் போட்டும் காலையில் அடம் பிடித்த கார்: பெட்ரோல் அழுத்தம் போன வழி

வண்டி, பத்து வயது ஆன நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். 1.5 லிட்டர் இன்ஜின், போர்ட் இன்ஜெக்‌ஷன். மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் லைன் கிடையாது. பம்ப், ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர் மூன்றும் டேங்குக்குள் ஒரே மாட்யூலில் உட்கார்ந்திருக்கின்றன. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பிரித்துத் தரும் குழாய்தான் ரெயில். அதில் இருக்க வேண்டிய அழுத்தம் 3.5 பார். ரெயிலில் பிரஷர் சென்சார் எதுவும் இல்லை. அதாவது அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று இந்த வண்டியின் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குத் தெரியவே தெரியாது. 3.5 பார் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இன்ஜெக்டரைத் திறந்து மூடுகிறது. ஆகவே ஸ்கேனர் மாட்டினால் எர்ரர் கோட் ஒன்றும் வராது, வரவும் இல்லை.

குறை இதுதான்: காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு எட்டு பத்து நொடி செல்ஃப் அடிக்க வேண்டும். ஓடிவந்து நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்து எடுத்தாலும் அதே கதை. நிறுத்திய கையோடு எடுத்தால் கொஞ்சம் தேவலாம். ஸ்டார்ட் ஆகிவிட்டால் அப்புறம் எந்தக் குறையும் இல்லை. இழுவை, ஐடிலிங், மைலேஜ் எல்லாம் சரி. சாவியை ஆன் செய்து, ஆஃப் செய்து, இப்படி மூன்று முறை செய்துவிட்டு செல்ஃப் அடித்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது என்பதை வண்டிக்காரரே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

இதே குறைக்காகச் சில மாதங்களுக்கு முன் வேறொரு இடத்தில் ஃப்யூவல் பம்பை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதும் சரியாகிவிட்டது. சில வாரங்களில் மெல்லத் திரும்ப வந்துவிட்டது. இன்னொரு இடத்தில், "புது பம்பிலும் செக் வால்வு போச்சு, இன்னொரு பம்ப் போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். செக் வால்வு என்பது பம்ப் நின்றதும் பெட்ரோல் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு. அந்த இரண்டாவது பம்பை வாங்கும் முன் ஒருமுறை பார்த்துவிடலாமே என்றுதான் வண்டி என்னிடம் வந்தது.

பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன இன்னொரு விஷயம்: "டேங்க்ல பெட்ரோல் குறைஞ்சா இன்னும் மோசமா இருக்குங்க. அடியில அழுக்கு சேர்ந்திருக்கும்போல." அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு அதுதான் எல்லாவற்றையும் கோத்தது.

பிரஷர் கேஜைத் தொடுவதற்கு முன்

முதலில் கேட்க வேண்டியது, இன்ஜினுக்குப் பெட்ரோல் குறைவாகப் போகிறதா, அதிகமாகப் போகிறதா என்பதுதான். இரண்டுமே லேட் ஸ்டார்ட்டாகத்தான் வெளியே தெரியும். இன்ஜெக்டர் ஒழுகினால் ரெயிலில் அழுத்தமும் குறையும், ஒழுகிய பெட்ரோல் சிலிண்டர் வாசலில் தேங்கி அடுத்த ஸ்டார்ட்டில் இன்ஜினை மூழ்கடிக்கவும் செய்யும். அப்படிப்பட்ட வண்டி பிடித்ததும் குலுங்கி, கறுப்புப் புகை விட்டு, பெட்ரோல் நெடி அடிக்கும். ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்தால்கூடச் சில சமயம் தெரியும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், பெரும்பாலான வண்டிகளில் இன்ஜெக்‌ஷன் நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே போகும். மூழ்கிய இன்ஜின் அதில் பிடித்துக்கொள்ளும்.

இந்த வண்டி அப்படி இல்லை. முழுக்க மிதித்து அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை. சாதாரணமாக அடித்தபோது கடைசியில் பலவீனமாக ஒரு சிலிண்டர், இரண்டு சிலிண்டர் என்று பிடித்து, தடுமாறி, பிறகு சீரானது. புகை இல்லை, நெடி இல்லை. பெட்ரோல் பற்றாக்குறையின் குரல் அது. ஆக, இன்ஜெக்டர் மேல் சந்தேகம் அப்போதே பாதி போய்விட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.2 வோல்ட்டில் நின்றது, அது போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலண்ட் சென்சாரும் உள்ளே வரும் காற்றின் சென்சாரும் ஒரே வெப்பநிலையைக் காட்டின. ஸ்கேனரில் செல்ஃப் அடிக்கும் வேகம் தெரிந்தது, ஆகவே கிராங்க் சென்சார் வேலை செய்கிறது. ஸ்பார்க் இருந்தது.

கேஜ் பூஜ்யம் காட்டினால்

இங்கே ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். ராத்திரி நின்ற வண்டியில் காலையில் கேஜ் பூஜ்யம் காட்டினால் "அழுத்தம் இறங்கிவிட்டது, பம்ப் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். சூடாக நிறுத்திய வண்டி முப்பது நாற்பது டிகிரி குளிரும்போது, மூடிய குழாய்க்குள் இருக்கும் பெட்ரோல் சுருங்கி, எந்த ஒழுக்கும் இல்லாமலே அழுத்தம் காணாமல் போகலாம். நன்றாக ஸ்டார்ட் ஆகிற எத்தனையோ வண்டிகளிலும் காலையில் பூஜ்யம்தான் இருக்கும். சாவி போட்டதும் பம்ப் இரண்டு நொடி ஓடுகிறதே, அந்த ப்ரைமிங் எதற்கு? அந்த இடைவெளியை நிரப்பத்தான்.

ஆகவே பூஜ்யம் என்பது தகவல் மட்டும். பார்க்க வேண்டியவை இரண்டு. பம்ப் நின்ற பிறகு முதல் சில நிமிடங்களில் அழுத்தம் எப்படி இறங்குகிறது என்பது ஒன்று. பழைய டொயோட்டா கையேடுகள் பலவற்றில், இன்ஜினை நிறுத்தி 5 நிமிடம் கழித்து 147 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ ஒன்றரை பார் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். மற்ற வண்டிகளுக்கு அவரவர் கையேட்டைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, அழுத்தம் இறங்கிய நிலையிலிருந்து ப்ரைமிங் எவ்வளவு தூரம் மேலே ஏற்றுகிறது என்பது. பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். லேட் ஸ்டார்ட்டுக்கான பதில் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

அரை மணி நேரம் கழித்து வரும் குறைக்குக் காரணம் வேறு. பெட்ரோலின் லேசான பகுதிகள் சாதாரணக் காற்றழுத்தத்தில் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஓடி நின்ற இன்ஜினின் மேல் உள்ள ரெயில் அதைவிட வெகுவாகச் சூடாகும். மூன்று பார் அழுத்தம் இருக்கும்வரை பெட்ரோல் திரவமாகவே இருக்கும். அழுத்தம் போனால் ரெயிலுக்குள் ஆவிதான். இன்ஜெக்டர் திறந்தால் ஆவி வரும், பெட்ரோல் வராது. நல்ல வண்டியில் நிறுத்தியதும் இந்தச் சூட்டால் கேஜ் முள் முதலில் கொஞ்சம் மேலே ஏறி, பிறகே இறங்கும்.

முள் இறங்கிய விதம்

இந்த ரெயிலில் கேஜ் மாட்ட வால்வு இல்லை. பம்ப் ஃப்யூஸைக் கழற்றி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தைப் போக்கி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, துணி சுற்றி லைனைப் பிரித்து, டீ அடாப்டர் வைத்தேன். கேஜ் நடுவில், இரண்டு பக்கமும் மூடும் வால்வு. நைலான் லைன்களை இடுக்கி போட்டு நசுக்கிப் பார்ப்பது கூடாது. வளையாது, விரிசல் விடும். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

இன்ஜின் ஓடும்போது 3.5 பார், முள் அசையவில்லை. இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரிட்டர்ன் இல்லாத வண்டியில் பம்ப் தேவைக்கு மேல் தள்ளுகிறது, மிச்சத்தை ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே கொட்டிவிடுகிறது. வழியில் ஒரு பங்கு களவு போனாலும் ரெகுலேட்டர் கொட்டுவது குறையுமே தவிர கேஜில் ஒன்றும் தெரியாது.

நிறுத்தினேன். முள் மேலே ஏறவில்லை. விழுந்தது. நாலைந்து நொடியில் 3.5 பாரிலிருந்து 0.8 பாருக்கு வந்து, அங்கே தயங்கி, பிறகு பல நிமிடம் எடுத்துக்கொண்டு ஊர்ந்து பூஜ்யத்துக்குப் போனது. விழும் வேகத்திலேயே நிறைய விஷயம் இருக்கிறது. இவ்வளவு வேகத்தில் இன்ஜெக்டர் ஒழுகினால் இன்ஜின் மூழ்கிப்போயிருக்கும். வெளியே லைனில் ஒழுகினால் வண்டிக்கு அடியில் குட்டையே தேங்கியிருக்கும். நடுவில் வந்த அந்தத் தயக்கம் அதைவிட முக்கியம். அழுத்தம் அதிகமானால் திறந்து, குறைந்தால் தானே மூடிக்கொள்ளும் ஓட்டை அது. உலோகத்தில் இப்படி வருவது அரிது. ரப்பரில் வரும்.

சரி, யூகம் யூகமாக இருக்கட்டும் என்று வால்வுகளை மூடிப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போதே டேங்க் பக்க வால்வை மூடி உடனே இன்ஜினை நிறுத்தினால் ரெயிலும் இன்ஜெக்டர்களும் மட்டும் கேஜோடு இருக்கும். மூடிய நொடியில் இன்ஜெக்டர்கள் கொஞ்சம் குடித்துவிட்டன, முள் 3.1 பாரில் நின்றது. பத்து நிமிடம் கழித்து 3.3 பார், சூட்டில் ஏறியிருக்கிறது. இன்ஜெக்டர்கள் முழுக்க விடுதலை. மறுபக்கம், ரெயில் வால்வை மூடியபோது அதே வீழ்ச்சி, அதே 0.8 பார் தயக்கம். ஒழுக்கு டேங்குக்குள்தான்.

டேங்குக்குள் மூன்று பேர்

டேங்குக்குள் என்றால் பம்பின் செக் வால்வு, ரெகுலேட்டர், பம்பையும் மாட்யூல் தலையையும் இணைக்கும் சின்ன ஹோஸ், இந்த மூன்றில் ஒன்று. முன்பு பார்த்தவர் இந்த இடம்வரை வந்துவிட்டு, மூன்றில் விலை அதிகமானதைக் கைகாட்டிவிட்டார்.

மூன்றையும் கழற்றாமலே ஓரளவு பிரிக்கலாம். செக் வால்வு கெட்டால் பம்ப் நின்ற பிறகுதான் இழப்பு. பம்ப் ஓடும்போது அது எப்படியும் திறந்துதான் இருக்கும், ஆகவே தள்ளும் அளவு குறையாது. ஹோஸ் கிழிந்தாலோ ரெகுலேட்டர் மூடாமல் நின்றாலோ, ஓடும்போதும் இழப்பு உண்டு. எனவே அளந்துவிட்டால் தெரிந்துவிடும்.

அளக்கும் முறையில் ஒரு சின்ன விஷயம். லைனைத் திறந்துவிட்டுப் பாத்திரத்தில் பிடித்தால் அழுத்தமே இருக்காது, கிழிசலும் மூடிக்கொள்ளும், அளவு பிரமாதமாக வரும். அதனால் வால்வைத் திருகித் திருகி கேஜை 3 பாரில் நிறுத்தி வைத்துப் பிடிக்க வேண்டும். 3.5 பாருக்குக் கீழே நல்ல ரெகுலேட்டர் மூடியே இருக்கும், ஆகவே பம்ப் தள்ளுவது அத்தனையும் பாத்திரத்துக்குத்தான் வர வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜர் போட்டு 13.5 வோல்ட்டில் வைத்துப் பிடித்ததில், 15 நொடிக்கு 190 மில்லி வந்தது. மணிக்கு நூறு லிட்டர் வாக்கில் தள்ளும் இந்த மாதிரிப் பம்பிலிருந்து 400 மில்லியை ஒட்டி வந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் காணோம்.

பம்ப்தான் சோம்பலாக ஓடுகிறதோ? ஃப்யூஸ் இடத்தில் மின்னோட்டம் அளக்கும் ஆம்ப் கிளாம்ப் போட்டு, அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தேன். பம்ப் மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கம்யூட்டேட்டர் வளையத்தில் உள்ள ஒவ்வொரு பட்டைக்கும் மின்னோட்ட அலையில் ஒரு மேடு வரும். எட்டு மேடு ஒரு சுற்று. எட்டு மேட்டுக்கு 10.5 மில்லிசெகண்ட், அறுபதாயிரத்தை அதால் வகுத்தால் நிமிடத்துக்கு 5,700 சுற்று. மின்னோட்டம் 5 ஆம்பியர் வாக்கில், மேடுகள் ஒரே உயரத்தில். ஆரோக்கியமான பம்ப். உறிஞ்சும் வலை அடைத்திருந்தால் சுமை இல்லாமல் வேகம் ஏறி மின்னோட்டம் குறைந்திருக்கும். ஃபில்டர் அடைத்திருந்தால் மின்னோட்டம் ஏறியிருக்கும். அடைப்பு எதுவும் நிறுத்திய பிறகு அழுத்தத்தை இறக்கவும் செய்யாது.

பம்ப் சரியாகத் தள்ளுகிறது, லைனுக்கு வருவது பாதி. செக் வால்வு கணக்கிலிருந்து போய்விட்டது. மிச்சம் ஹோஸ் அல்லது ரெகுலேட்டர். இவை இரண்டையும் வெளியிலிருந்து பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. மாட்யூலைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அதற்கு முன் ஒரு அளவு பாக்கி. பம்ப் ஓடும்போது அதன் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் வைத்தால் 0.9 வோல்ட். பத்தில் ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதாவது செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 10.2 என்றால் பம்புக்குக் கிடைப்பது 9.3 வோல்ட்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த அளவு இன்ஜின் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்கு முப்பது லிட்டர் பெட்ரோல் வாக்கில்தான் குடிக்கும். 190 மில்லி கணக்கு மணிக்கு 45 லிட்டர் ஆகிறது. அதனால்தான் ஓடும்போது இழுவையில் குறையே தெரியவில்லை. ஆனால் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 9.3 வோல்ட்டில் பம்பின் வேகம் விழுந்துவிடும். தள்ளுவதில் பெரும்பங்கு கிழிசல் வழியே போய்விடும். அழுத்தம் ஏறவே ஏறாது. எப்படியோ தட்டுத்தடுமாறி இன்ஜின் பிடித்துவிட்டால் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுக்கும், பம்புக்கு உயிர் வரும், குறை மறைந்துவிடும். வண்டியின் நடத்தை அத்தனைக்கும் இதற்குள் விளக்கம் இருக்கிறது.

சோப்புத் தண்ணீர்

பின் இருக்கையைத் தூக்கி, மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து, லாக் ரிங்கைக் கழற்றி மாட்யூலை வெளியே எடுத்தேன். பெட்ரோலில் நனைந்த பம்புக்கு வெளியே கரண்ட் கொடுத்து ஓட்டிப் பார்ப்பவர்களும் உண்டு, அதைச் செய்யாதீர்கள். பெட்ரோலை வடித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்து, வெளியேறும் வாயில் கைப்பம்பால் 2 பார் காற்று கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தெளித்தாலே போதும்.

ரெகுலேட்டரின் வாயில் ஒரு குமிழிகூட இல்லை. ஹோஸில், மேல் கிளாம்புக்குச் சற்றுக் கீழே, பின்பக்கம் நுரை பொங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. ஹோஸைக் கட்டைவிரலால் மடித்ததும் நகத்தளவு நீளத்துக்கு ஒரு கீறல் வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. ஹோஸே ஊதியிருந்தது. விரலில் கறுப்பு ஒட்டியது. திருகு கிளாம்பின் பல் அழுந்திய இடத்திலிருந்துதான் கீறல் ஆரம்பித்திருந்தது.

ஹோஸின் மேல் தரக் குறியீட்டு அச்சு இன்னும் படிக்க முடிந்தது: எஸ்ஏஇ 30ஆர்7. வெளியே லைனில் போடுகிற சாதாரணப் பெட்ரோல் ஹோஸ். இவ்வகையில் பெட்ரோலைத் தாங்கும்படி செய்திருப்பது உள்சுவரை மட்டும்தான். வெளிச்சுவர் வெயில், ஆயில் தெறிப்பு ஆகியவற்றுக்கானது. அதைப் பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கடித்தால் வெளிச்சுவர் பெட்ரோலைக் குடித்து ஊதிச் சதசதத்துவிடும். இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கு என்று வரும் 30ஆர்9 ஹோஸும் இந்த விஷயத்தில் இப்படித்தான். டேங்குக்குள் போடுவதற்கு என்றே இருப்பது 30ஆர்10. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே கறுப்பாக இருக்கும், கையில் எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. அச்சைப் படித்தால்தான் உண்டு.

டேங்க் காலியானால் குறை ஏன் அதிகம் என்பதும் இப்போது தெரிந்தது. கீறல் இருந்தது மாட்யூலின் மேல்பகுதியில். டேங்க் நிறைய இருந்தால் அது பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும். லைன் குளிர்ந்து சுருங்கும்போது கீறல் வழியே உள்ளே போவது பெட்ரோல்தான். டேங்க் குறைந்தால் கீறல் வெளியே வந்துவிடும், உள்ளே போவது ஆவியும் காற்றும். லைனிலிருந்த பெட்ரோல் மெல்ல டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் இரண்டு நொடி ப்ரைமிங் வெறும் குழாயை நிரப்பவே சரியாகப் போய்விடும். மூன்று முறை சாவி போட்டால் பிடித்துக்கொண்டதன் காரணமும் அதுதான்: ஒவ்வொரு முறையும் குழாய் இன்னும் கொஞ்சம் நிறைந்தது, 0.8 பாருக்குக் கீழே கீறலும் மூடிக்கொண்டது.

மாற்றியதும் அளந்ததும்

30ஆர்10 ஹோஸ், பல் இல்லாத வழவழப்பான இன்ஜெக்‌ஷன் கிளாம்ப், மாட்யூல் தலைக்குப் புது சீல். பம்பைத் தொடவில்லை. எர்த்தையும் வேண்டுமென்றே அப்போது தொடவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டால் எது எவ்வளவு செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஹோஸ் மட்டும் மாற்றியதும் அதே 3 பாரில், அதே 15 நொடியில், 395 மில்லி. நிறுத்தியதும் முள் 3.5 பாரிலிருந்து மேலே ஏறியது. இருபது நிமிடம் கழித்தும் 3 பாருக்கு மேல். மறுநாள் காலை கேஜில் 1.2 பார் இருந்தது, இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. ஆக, 0.9 வோல்ட் இழப்பு இருந்தபோதே ஸ்டார்ட் சரியாகிவிட்டது. எர்த் தனியாக இந்தக் குறையை உண்டாக்கவில்லை, இருந்த குறையைக் கூட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். சரி, அதையும் விட்டுவைக்கவில்லை. இருக்கைக்கு அடியில் தரைத் தகட்டில் முடுக்கியிருந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, வெறும் உலோகம் தெரியவைத்து முடுக்கினேன். 0.9 வோல்ட் 0.06 ஆனது.

வண்டிக்காரருக்கு ஒரு மனத்தாங்கல் மட்டும் இருந்தது: "அப்போ முதல்ல பம்ப் மாத்தினதே வேஸ்ட்டா?" பழைய பம்பை அவர் டிக்கியில் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அதன் வெளிவாயில் சுத்தமான குழாய் ஒன்றைச் சொருகி, கைப்பம்பால் காற்றைத் திருப்பி அழுத்தினேன். நல்ல செக் வால்வு என்றால் முள் நின்றிருக்க வேண்டும். காற்று தாராளமாகப் பின்னால் போனது. அந்தப் பம்ப் போனது போனதுதான்; அதை மாற்றியவர் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். புதுப் பம்பை மாட்ட எடுத்த ஒரு சாண் ஹோஸில் அச்சைப் படிக்காமல் விட்டுவிட்டார்.